தோட்டத்துப் பிக்கப் வண்டி சொல்லும் வரலாறு



எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று ஆண்டுகளாகப் பிரித்துப் போட்டுக் கிடந்த பழைய லேண்ட் ரோவர் பிக்கப் வண்டி என்னாயிற்று என்று நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். வண்டி இப்பொழுது ஓடுகிறது! வேலை முடிந்த நிலையில், அதனைச் சீரமைத்த போது கற்றுக்கொண்டவற்றை இப்பதிவில் முறையாக எழுதி வைக்க விரும்புகிறேன். இயந்திர நுட்பம் பற்றிய பதிவு என்று எண்ணிக் கடந்து சென்றுவிடாதீர்கள். இது வரலாற்றுக் கட்டுரை. அதிலும் நம் தோட்டப்புற மக்களின் வரலாறு.

மலாயாத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் கணக்கேடுகளிலும் அரசாங்க அறிக்கைகளிலுமே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் நம்மவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். பெயராகவும் குரலாகவும் இருப்பது மிகக் குறைவு. எழுதப் படிக்க வாய்ப்பற்றிருந்த நம் பாட்டன் பாட்டியர் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால், அவர்கள் கைபட்ட பொருட்கள் இன்னும் சில எஞ்சியுள்ளன. பால்வெட்டுக் கத்தி, கொழுந்துக் கூடை, தகரப் பெட்டி, லயத்து வீட்டின் கதவு, தோட்டத்து வண்டி. இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளாவிடில், அவர்களுடைய வரலாற்றின் பெரும் பகுதி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

*1948: ஒரே ஆண்டில் இரு நிகழ்வுகள்*

முதலில் வண்டியின் பிறப்பைப் பார்ப்போம்.

சரக்குப் பெட்டியுடன் கூடிய சிறிய உந்து வண்டியைத் தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்து 'பிக்கப்' என்ற பெயரில் விற்றது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம். அது 1925-ஆம் ஆண்டு. அன்றைய விலை 281 டாலர். ஆனால், நம் மலைத் தோட்டங்களின் கதையில் முதன்மை இடம் பெறுவது இங்கிலாந்தில் பிறந்த லேண்ட் ரோவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. எஃகு பங்கீட்டு முறையில் இருந்தது. ஏற்றுமதி செய்து அயல்நாட்டுப் பணம் ஈட்டித் தரும் நிறுவனங்களுக்கே எஃகு தாராளமாகக் கிடைத்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் போரில் பயன்பட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் போன்று உழவுக்கும் உதவும், பாரமும் சுமக்கும் ஒரு வண்டியைத் தம் நிறுவனமே செய்தால் என்ன என்று எண்ணினார். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் அவருடைய தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸ். 1947-இல் முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகிற்கு அறிமுகமாயிற்று. விலை 450 பவுண்டு.

எஃகுத் தட்டுப்பாட்டால் உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். போர்க்கால வானூர்தித் தொழில் முடிவுக்கு வந்ததால் அலுமினியம் கிடைத்தது. வானூர்திகளின் உட்பகுதிக்குப் பூசி மிஞ்சிய பச்சை வண்ணமும் கிடைத்தது. தட்டுப்பாடு தந்த இந்தத் தகடுதான் பிற்காலத்தில் நம் நாட்டு மழையிலும் பனியிலும் இவ்வண்டிகள் துருவேறி அழியாமல் நிற்கக் காரணமாயிற்று. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று தொடங்கிய உற்பத்தி 2016 ஜனவரி 29 வரை, வடிவம் மாறி மாறி, இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் தொடர்ந்தது. மொத்தம் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்!

இனி இரண்டாம் நிகழ்வு. லேண்ட் ரோவர் அறிமுகமாகி ஏழு வாரங்களே ஆன நிலையில், 1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18-ஆம் நாள் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும், இரண்டையும் ஒரே வரலாற்றுப் பின்னணி இணைக்கிறது. போருக்குப் பின் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது டாலர். ஸ்டெர்லிங் நாணய வட்டத்திற்கு டாலர் ஈட்டித் தந்தவற்றுள் மலாயாவின் இரப்பரும் ஈயமும் முன்னணியில் இருந்தன. ஏற்றுமதிக்காக லேண்ட் ரோவரைச் செய்ய வைத்ததும், மலாயாத் தோட்டங்களை எப்பாடுபட்டேனும் காக்க வைத்ததும் அந்த ஒரே தேவைதான். அந்த டாலரை உண்மையில் ஈட்டியவர்களுள் அதிகாலை இருளில் பால்மரக் காட்டுக்குள் நுழைந்த நம் தாத்தா பாட்டிமாரும் அடங்குவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

*போர்க்கள வண்டி தோட்டத்து வண்டியான கதை*

அவசரகாலத்தில் படையினரும் காவல் துறையினரும் லேண்ட் ரோவரைப் பரவலாகப் பயன்படுத்தினர். தோட்டத் துரைமார்கள் சிலர் இரும்புத் தகடு பொருத்திக் கவச வண்டிகளாகவும் ஓட்டினர். 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டபோது, அவருக்குக் காவலாகச் சென்ற வண்டிகளுள் லேண்ட் ரோவரும் ஒன்று.

அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையும் மாறிற்று. 1948 முதல் அடையாள அட்டை வந்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி இடப்பட்டது. ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் அன்றாட வாழ்க்கையாயின. வேலிக்குள் அரிசி வந்தது வண்டியில். வேலியைத் தாண்டி நோயாளி சென்றதும் வண்டியில்.

கேமரன் மலையின் நிலை இன்னும் தனித்தன்மை வாய்ந்தது. 1885-இல் வில்லியம் கேமரன் நில ஆய்வு செய்த மலைப்பகுதி அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகள், மழை பெய்தால் வழுக்கும் செம்மண் பாதைகள், குளிர், ஈரம். சாதாரண லோரி திணறும் இடத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் லேண்ட் ரோவர் ஏறிச் சென்றது. உடல் அலுமினியம் என்பதால் ஈரத்தைத் தாங்கிற்று. திருகாணிகளால் இணைக்கப்பட்ட எளிய அமைப்பு என்பதால் மலையிலேயே பழுது பார்க்க முடிந்தது. தேயிலைத் தோட்டங்கள் பயன்படுத்திக் கழித்தவற்றையும், படையினரும் அரசு இலாகாக்களும் ஏலம் விட்டவற்றையும் காய்கறி விவசாயிகள் வாங்கினார்கள். இயந்திரம் தேய்ந்தால் ஜப்பானிய டீசல் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். அதனால்தான் இன்றும் கேமரன் மலைக்குச் செல்வோர், கூரை வெட்டப்பட்ட பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோசு ஏற்றிச் செல்வதைக் காண்கின்றனர்.

எங்கள் வண்டியும் அப்படி ஒரு விவசாயியிடமிருந்து வந்ததுதான். 2021-இல், ஓடாத நிலையில், கொடிகள் சுற்றிக் கிடந்த அதனை என் கணவரும் கொழுந்தனாரும் இழுவை வண்டியில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்த்தனர். வெல்டிங்கும் இயந்திர வேலையும் அவர்கள் பொறுப்பு. படம் எடுத்தல், எழுதி வைத்தல், வண்ணம் சுரண்டுதல் ஆகியவை என் பொறுப்பு. பள்ளி விடுமுறைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் இதிலேயே கழிந்தன.

*ஒரு வண்டியைப் படிப்பது எப்படி?*

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அந்த முறையிலேயே வண்டியையும் அணுகினேன்.

ஒன்று, எண் பட்டை. முதல் எழுத்து 'சி'. நம் நாட்டில் 'ஏ' பேராக்கையும், 'பி' சிலாங்கூரையும், 'சி' பகாங்கையும் குறிக்கும். கேமரன் மலைக்கு நெடுங்காலம் பேராக் மாநிலத்துத் தாப்பா வழியாகத்தான் ஏறிச் சென்றோம். ஆயினும் அம்மலை பகாங்கைச் சேர்ந்தது. ஓர் எழுத்திலேயே ஒரு நிலவியல் பாடம்!

இரண்டு, பதிவு அட்டை. முதற்பதிவு 1964. மலேசியா உருவான மறு ஆண்டு. முதல் உரிமையாளர் ஒரு தேயிலைத் தோட்டம்.

மூன்று, சட்ட எண். அக்கால லேண்ட் ரோவர்களின் எண்ணில் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டே வண்டியின் நீள வகை, இயந்திர வகை, ஓட்டுநர் அமரும் பக்கம் ஆகியவற்றை அறியலாம். இறுதியில் வரும் எழுத்து, வடிவமைப்பில் செய்யப்பட்ட மாற்றத்தைக் காட்டும். எங்களுடையது 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட 'சீரிஸ் டூ ஏ'. இவ்வகை 1961 முதல் 1971 வரை வெளிவந்தது. 2,286 கன சென்டிமீட்டர் டீசல் இயந்திரம்; திறன் 62 குதிரைவிசை மட்டுமே.

நான்கு, முகப்பு விளக்குகள். அவை நடுவில், வலைத்தட்டியின் இருபுறமும் நெருங்கி இருந்தன. 1960-களின் இறுதியில்தான் விளக்குகள் பக்கவாட்டு மட்காப்புகளுக்கு இடம் மாறின. ஆக, பதிவு அட்டை கூறும் ஆண்டுக்கு வண்டியே சான்று பகர்ந்தது. ஒரு மூலத்தை மற்றொரு மூலத்தால் சரிபார்ப்பது என்பது இதுதான்.

ஐந்து, வண்ணம். மேலே நீலம், அது விவசாயி பூசியது. அதன்கீழ் வெளிர்மஞ்சள்; கதவில் அந்த மஞ்சளின்மேல் தோட்டத்தின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் கீழே தொழிற்சாலையின் கரும்பச்சை. மண் அடுக்குகளைத் தோண்டும் தொல்லியலாளர் போல, ஒரு சாண் பரப்பை மட்டும் அடுக்கடுக்காகத் தேய்த்துப் படம் எடுத்தேன். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே நீர் தெளித்தே தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. பெற்றோர்கள் இதனைக் கவனத்தில் கொள்க.

*சீரமைப்புப் பணி*

இவ்வண்டியை வீட்டிலேயே பிரிக்க முடிந்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. அடியில் ஏணி போன்ற எஃகுச் சட்டம். அதன்மேல் இயந்திரம், ஓட்டுநர் அறை, சரக்குப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே திருகாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. திருகாணிகளெல்லாம் அங்குல அளவு. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் சரியாகப் பொருந்தா. பழைய அங்குல ஸ்பேனர்களைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அதன் அடியிலிருக்கும் எஃகுச் சட்டம் உள்ளிருந்து துருவேறும். அதைக் கண்டறியச் சிறு சுத்தியல் போதும். நல்ல இடத்தில் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் மொத்தென்று கேட்கும். எங்கள் வண்டியின் பின்புறக் குறுக்குச் சட்டம் கையால் அழுத்தினாலே உதிர்ந்தது. ஓட்டுநரின் கால்வைக்கும் பகுதியிலும் ஓட்டை. அவற்றை வெட்டி நீக்கிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தனர். பின்னர்ச் சட்டத்தின் உட்புறம் மெழுகு கலந்த எண்ணெய் பாய்ச்சப்பட்டது.

இன்னொரு வியப்பு. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் வெண்பொடி படிந்திருந்தது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால், சிறு மின்கலம் போன்ற வினை அங்கே நிகழ்கிறது. அதில் அலுமினியம் தன்னை இழக்கிறது. மழையைத் தாங்கும் உலோகம் தன் துணை உலோகத்தினால் கரைகிறது! இணைப்புகளுக்கு இடையே பூச்சும் ரப்பர்ப் பட்டையும் வைத்து அதனைத் தடுத்தோம். துருப்பிடித்தலைக் கற்பிக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. சக்கர உருளைகள், குழாய்கள் அனைத்தும் புதியவை. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுத்துக் கட்டி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் முடிந்து 2024-இல் இயந்திரம் உயிர்பெற்றது. ஆனால், இப்பணியின் கடினமான கேள்வி இயந்திரத்தில் எழவில்லை. சரக்குப் பெட்டியில் எழுந்தது.

*கையேட்டில் இல்லாத இரு கம்பிகள்*

ஓட்டுநர் அறைக்குப் பின்னால், சரக்குப் பெட்டியின் முன்விளிம்பில், தண்ணீர்க் குழாயால் செய்த ஒரு கைப்பிடிக் கம்பி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு அடி கீழே இன்னொரு கம்பி. தொழிற்சாலையின் கையேட்டில் இவ்விரண்டும் இல்லை. வெல்டிங்கும் கரடுமுரடானது. மேல்கம்பியின் நடுப்பகுதி தேய்ந்து வெள்ளியைப் போல் பளபளத்தது.

பழைய வாகனங்களைச் சீரமைப்பதில் நல்ல அனுபவமுள்ள நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். "இவை அசல் அல்ல. அறுத்தெடுத்துவிட்டுக் கரும்பச்சை பூசினால் வண்டியின் மதிப்பு உயரும்" என்றார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே மீட்பதுதான் அத்துறையில் பலர் பின்பற்றும் முறை.

அதற்கிடையில், பதிவு அட்டையில் கண்ட தோட்டத்தில் முன்பு ஓட்டுநராக இருந்த பெரியவர் ஒருவர் ஈப்போவில் மகள் வீட்டில் இருப்பதாக அறிந்தோம். 2022-ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அவரைச் சென்று கண்டோம். எண்பத்தேழு வயது. காது மந்தம், நினைவு தெளிவு. அவர் அனுமதியோடு இரண்டு மணி நேரம் ஒலிப்பதிவு செய்தேன். படத்தைக் காட்டியதும் அவர் முதலில் விரல் வைத்தது அந்தக் கம்பிகளின்மேல்தான்.

"டீச்சர், இந்த வண்டி ஆள் ஏத்துறதுக்கு வாங்கினது இல்ல. ஆனா ஆளைத்தான் அதிகமா ஏத்துச்சு" என்றார்.

வாங்கியது உரமூட்டையும் கொழுந்து மூட்டையும் ஏற்ற. ஆனால், மேட்டுக் காட்டில் வேலையிருக்கும் நாட்களில் பெண்கள் அதில்தான் நின்று சென்றார்கள். பிடிமானம் இல்லாமல் ஒருவர் விழுந்து கை முறிந்தது. அதன்பிறகு தோட்டத்துப் பட்டறைக்காரர், மிஞ்சிய தண்ணீர்க் குழாயைக் கொண்டு மேல்கம்பியைப் பொருத்தினாராம். கீழ்க்கம்பி? "அது பிள்ளைங்களுக்கு. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்கு மேல்கம்பி எட்டாது தம்பி" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

இரவில் பிரசவ வலி கண்ட பெண்களை மெத்தைக்குப் பதிலாகச் சாக்கு விரித்து, மழைக்குக் கித்தான் போர்த்தி, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதைச் சொன்னார். வழியிலேயே பிறந்த குழந்தைகள் உண்டு என்றார். அருகில் அமர்ந்திருந்த அவர் துணைவியார் அதுவரை பேசவில்லை. "எங்க ரெண்டாவது மகன் அதுலதான் பொறந்தான்" என்று அவர் சொன்னபோது, பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றும் வண்டியை ஓட்டியவர் அவரேதான்.

பின்னர் அவர் சொன்னது என்னை மிகவும் பாதித்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. 1969, 1970-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் இந்நாட்டிலேயே பல்லாண்டு உழைத்தவர்கள். உரிய காலத்தில் விண்ணப்பம் செய்யவோ, சான்றுகளைக் காட்டவோ இயலாமற் போனவர்கள். அந்த ஆண்டுகளில் ஒரே மாதத்தில் நான்கு குடும்பங்களைத் தகரப் பெட்டிகளோடு இதே வண்டியில் ஏற்றித் தாப்பா ரோடு ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டதாகக் கூறினார். அங்கிருந்து பட்டவர்த்துக்கு ரயில். பினாங்கிலிருந்து ரஜூலா கப்பல்.

"போகும்போது கம்பியப் புடிச்சிக்கிட்டு மலையப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. யாரும் உக்காரல."

இச்சட்டம் பற்றி நான் நூல்களில் படித்திருக்கிறேன். ஆனால், அந்தக் கம்பியில் தேய்ந்திருந்த பகுதியை நினைத்துக்கொண்டு கேட்டபோதுதான் அதன் பொருள் முழுமையாக விளங்கிற்று.

பெரியவர் 2023-இல் காலமானார். ஒலிப்பதிவின் படிகளை அவர் பிள்ளைகளிடம் கொடுத்துள்ளோம்.

*எது அசல்?*

வண்டியை அதன் தொழிற்சாலை நிலைக்கு மீட்டால், நாம் காப்பது சோலிஹல்லின் வரலாறு. அதுவும் மதிக்கத்தக்கதே. ஆனால், அந்நிலையில் இவ்வண்டி இருந்தது கப்பலில் வந்த சில வாரங்கள் மட்டுமே. எஞ்சிய காலமெல்லாம் அது மலேசியத் தோட்டத்து வண்டி. கம்பிகளை அறுத்தால் மறைவது பட்டறைக்காரரின் கைவேலை மட்டுமன்று. பெண்கள் நின்று பயணம் செய்தார்கள், பிள்ளைகளும் நின்றார்கள் என்பதற்கு வண்டியில் உள்ள ஒரே சான்றும் மறைந்துபோகும்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு இது. பாதுகாப்புக்குத் தேவையானவை அனைத்தும் புதுப்பிக்கப்பட்டன. ஓட்டுநர் அறைக்கு வெளிர்மஞ்சள் வண்ணம், தோட்டத்தில் இருந்தபடியே. கதவில் தெரிந்த தோட்டத்தின் பெயரை மீண்டும் எழுதவில்லை. மங்கிய நிலையிலேயே விட்டு, மேலே நிறமற்ற பூச்சு மட்டும் பூசினோம். கம்பிகளைத் தேய்க்கவில்லை, வண்ணம் பூசவில்லை. நண்பருக்கு இம்முடிவில் உடன்பாடில்லை. சந்தை மதிப்பு குறையும் என்பது அவர் கருத்து. குறையட்டும்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கம்பிகளை நான் ஏக்கத்தோடு பார்க்கவில்லை. சரக்கு ஏற்றும் பெட்டியில் மனிதர்களை, அதிலும் குழந்தைகளை ஏற்றிச் சென்றது ஆபத்தான செயல். மாற்று வழி இல்லாத மக்கள்மீது சுமத்தப்பட்ட நிலை. ஆள் ஏற்ற ஒரு பேருந்து வாங்குவதைவிட ஒரு துண்டுக் குழாயை ஒட்டவைப்பது மலிவாக இருந்தது. அக்கம்பி பட்டறைக்காரரின் பரிவுக்குச் சான்று. தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்கு அளித்த மதிப்புக்கும் சான்று. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

*வகுப்பறைக்குச் சில குறிப்புகள்*

2014-ஆம் ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப்பாடமாக அறிமுகமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடம். ஆயினும், நம் பிள்ளைகளில் பலர் அதனை மனனப் பாடமாகவே கருதுகின்றனர். வரலாற்று மூலங்களைப் பற்றிக் கற்பிக்கும்போது நான் வண்டியின் படங்களைக் காட்டி இக்கேள்விகளைக் கேட்கிறேன்:

1. இப்பொருள் எங்கே, எப்பொழுது செய்யப்பட்டது? எதைக் கொண்டு அறிகிறாய்?
2. எதற்காகச் செய்யப்பட்டது? உண்மையில் எதற்குப் பயன்பட்டது?
3. செய்தவர் சேர்க்காத எதனைப் பயன்படுத்தியவர் சேர்த்திருக்கிறார்? ஏன்?
4. எந்தப் பகுதி அதிகம் தேய்ந்துள்ளது? யார் கை அல்லது கால் பட்டிருக்கும்?
5. இதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் இன்று யார் இருக்கிறார்?

கீழ்க்கம்பியைப் பற்றிய மூன்றாம் கேள்விக்கு, ஒரு மாணவி தன் உயரத்தைச் சுவரில் அளந்து பார்த்துவிட்டு, "இது எங்களுக்குத்தான் டீச்சர்" என்றாள். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஒரு மாணவன் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்தான். ஒருத்தி தாத்தாவின் பழைய அடையாள அட்டையின் படத்தை. வேறொரு மாணவன், வீட்டில் பழைய பொருள் எதுவும் இல்லை, தோட்டத்தை விட்டு வரும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமென்று அம்மா சொன்னார் என்று எழுதியிருந்தான். அதுவும் ஒரு வரலாற்றுச் சான்றுதான் என்று அவனுக்குக் கூறி, அவன் அம்மாவிடம் அந்நாளைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். வகுப்பிலேயே மிக நீண்ட கட்டுரை அவனுடையது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே வேலை செய்கின்றனர். இரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்ட வாழ்வை நேரில் அறிந்த தலைமுறை எழுபது, எண்பது வயதைக் கடந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வெறுமனே "பழைய கதை சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்ன இருக்கிறது சொல்ல?" என்பார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். நாள், இடம், பேசியவர் பெயர் ஆகிய மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். படி ஒன்றை வேறோரிடத்தில் காத்து வையுங்கள். பள்ளியில் இதற்கென ஓர் அலமாரியோ ஒரு கணினிக் கோப்போ இருந்தால் போதும், பெரிய செலவில்லை.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியில் இத்தகைய முயற்சி நடந்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். கேமரன் மலைத் தோட்டங்களில் ஓட்டுநராகவோ பட்டறைக்காரராகவோ இருந்தவர்களை அறிந்திருந்தாலும் தெரிவியுங்கள். குறிப்பாக, அவ்விரு கம்பிகளையும் பொருத்திய பட்டறைக்காரரின் பெயரைப் பெரியவராலும் நினைவுகூர முடியவில்லை. அப்பெயரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.